கொரியச் சமையல் நம் வீட்டு அடுப்பில்: விழுது, சோறு, கிம்ச்சி

கொரிய உணவை வீட்டில் சமைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு பண்டத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். தொடர்களில் யாரோ தெருக்கடையில் நின்று சாப்பிட்ட சிவந்த தொக்பொக்கி என்னும் அரிசிமாவுப் பண்டமோ, கல்சட்டியில் சீறிக்கொண்டு மேசைக்கு வரும் பிபிம்பாப் என்னும் கலவைச் சோறோ ஆசையைக் கிளப்பிவிடுகிறது. செய்முறையைத் தேடி எடுத்து, வீட்டில் இருக்கும் மிளகாய்த்தூளையும் சோயா சாஸையும் வைத்துச் செய்து பார்த்து, ஏதோ குறைகிறதே என்று அத்துடன் விட்டுவிடுகிறார்கள். குறைவது கைத்திறன் என்று எனக்குத் தோன்றவில்லை. கொரியச் சமையலில் சுவையின் பெரும்பகுதி அடுப்பை மூட்டுவதற்கு முன்பே, மாதக்கணக்கில் ஜாடியில் புளித்த விழுதுகளில் உருவாகிவிடுகிறது. அந்த விழுதுகளை அறிந்துகொண்டால் எந்தப் பண்டமும் எளிதாகும். அறியாமல் பத்துச் செய்முறைகளை மனப்பாடம் செய்தாலும் பயன் குறைவுதான்.

தாளித்துப் பழகிய நமக்கு இதில் கடினமானது கையைக் கட்டுப்படுத்துவதே. தென்ஜாங் என்னும் புளித்த சோயா விழுதில் நான் முதன்முதலாகச் செய்த குழம்பில் பழக்கதோஷத்தால் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினேன். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் தென்ஜாங்கின் ஆழ்ந்த மணம் இருந்த இடமே தெரியவில்லை. மஞ்சள், மல்லி, சீரகம், பெருங்காயம் ஆகிய எதற்கும் அன்றாடக் கொரிய அடுப்பில் வேலை இல்லை. பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், மிளகாய், எள் ஆகிய ஐந்தும் புளித்த விழுதுகளுமே ஏறத்தாழ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கின்றன.

மூன்று ஜாடிகள்

கொரிய மொழியில் ‘ஜாங்’ என்றால் புளிக்கவைத்த விழுது அல்லது சாறு. வேகவைத்த சோயா மொச்சையை இடித்துச் செங்கல் போன்ற கட்டிகளாகப் பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்திப் பூஞ்சை பிடிக்கவிடுவார்கள். அந்தக் கட்டிக்கு மேஜு என்று பெயர். மேஜுவை உப்புநீரில் ஊறவைத்து, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து நீரைத் தனியாகவும் மொச்சையைத் தனியாகவும் பிரித்தால், நீர் கான்ஜாங் என்னும் சோயா சாறாகவும் மொச்சை தென்ஜாங் என்னும் விழுதாகவும் மேலும் முதிர்கின்றன. ஒரே கட்டியிலிருந்து இரண்டும் கிடைக்கின்றன என்பது நினைவில் இருந்தால், கொரியர் இவ்விரண்டையும் ஏன் அடிக்கடி ஒரே பாத்திரத்தில் சேர்க்கிறார்கள் என்பது விளங்கும். மூன்றாவதான கோச்சுஜாங், மிளகாய்த்தூள், பசையரிசி, மேஜுப் பொடி, முளைகட்டிய பார்லி, உப்பு ஆகியவை சேர்ந்து புளித்த சிவப்பு விழுது. காரத்தோடு இனிப்பும் கொண்டது. தென்கொரியாவின் சுன்சாங் ஊர் இதற்குப் பேர்போனது. தென்கொரியாவில் ஜாங் தயாரிக்கும் மரபை யுனெஸ்கோ 2024ஆம் ஆண்டு மானுடத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இவற்றை வீட்டில் தயாரிக்க வேண்டியதில்லை. இன்றைய கொரியர்களிலும் பலர் கடையில்தான் வாங்குகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்த பிறகு சென்னையில் கொரியக் குடும்பங்கள் கணிசமாகக் குடியேறியதால், அங்கே கொரிய மளிகைக் கடைகளும் உண்டு; மற்ற ஊர்க்காரர்கள் இணையத்தில் தருவித்துக்கொள்ளலாம். அரைக் கிலோ தென்ஜாங்கும் அரைக் கிலோ கோச்சுஜாங்கும் இருந்தால் சிறு குடும்பத்துக்குப் பல மாதங்கள் வரும். திறந்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுக்க வேண்டும். கான்ஜாங்கில் இரண்டு வகை உண்டு: குழம்புக்கும் கீரைக்கும் உரிய குக்-கான்ஜாங் நிறம் குறைவாகவும் உப்பு மிகுதியாகவும் இருக்கும், ஊறவைப்பதற்கும் வறுவலுக்கும் உரிய ஜின்-கான்ஜாங் கருமையாகவும் சற்றே இனிப்பாகவும் இருக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இரண்டாவதை வாங்கி, குழம்பில் குறையும் உப்பைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

விழுதுகளுக்கு அடுத்தது கோச்சுகாரு என்னும் மிளகாய்த்தூள். விதை நீக்கி உலர்த்திய மிளகாயைக் கொரகொரப்பாக இடித்தது அது. நிறம் மிகுதி, காரம் மிதம், சற்றே பழத்தின் இனிப்பும் உண்டு. நம் குண்டு மிளகாய்த்தூளை அதே அளவில் போட்டால் வாயில் வைக்க முடியாது. கோச்சுகாரு கிடைக்காதபோது பேடகி மிளகாயையோ காஷ்மீர் மிளகாயையோ கிள்ளி, விதையை உதறி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி ரவைப் பதத்தில் எடுத்துக்கொள்ளலாம். மாவாக அரைத்தால், காய்களை உப்பிலும் மிளகாயிலும் புளிக்கவைக்கும் கிம்ச்சி சேறுபோல ஆகிவிடும்.

எண்ணெயில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொரியாவிலும் நல்லெண்ணெய்தான் மணத்துக்கு உயிர், ஆனால் அவர்கள் எள்ளை நன்றாக வறுத்த பிறகே ஆட்டுகிறார்கள். வறுக்காத எள்ளைக் கருப்பட்டியோடு ஆட்டும் நம் செக்கு எண்ணெயின் மணம் முற்றிலும் வேறானது. அங்கே அது சமைக்கும் எண்ணெயும் அல்ல; அடுப்பை அணைத்த பிறகு அரைக் கரண்டி ஊற்றும் வாசனைப் பொருள். வறுத்த எள் எண்ணெய் கிடைக்காவிட்டால், இரண்டு தேக்கரண்டி வெள்ளை எள்ளைப் பொன்னிறமாக வறுத்து நசுக்கி, சூடு தணியுமுன் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் போட்டு ஒரு நாள் ஊறவிட்டால் ஓரளவு அந்த மணம் வரும்.

சோறும் சாறும்

கொரிய வீட்டுச் சாப்பாட்டின் நடுவில் இருப்பது சோறு. அதன் அருகே ஒரு குழம்போ தெளிவான சாறோ, கிம்ச்சி, பாஞ்சான் என்று அழைக்கப்படும் சிறு தொடுகறிகள் இரண்டு மூன்று. இவ்வளவே அன்றாடச் சாப்பாடு. சோற்றுக்கு உரியது குட்டையான, பசைத்தன்மை உள்ள பச்சரிசி. நான்கு முறை கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு கோப்பை அரிசிக்கு ஒன்றே கால் கோப்பைக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் ஊற்றி, மூடிய பாத்திரத்தில் சிறுதீயில் வேகவிட்டு, அணைத்த பின் பத்து நிமிடம் திறக்காமல் வைக்க வேண்டும். கஞ்சி வடிக்கக் கூடாது. பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் உலோகக் குச்சியாலும் கரண்டியாலும் எடுத்துண்ண முடியும். பொன்னியோ பாசுமதியோ இதற்கு ஒத்துவராது. கொரியர்கள் வெள்ளரிசியோடு ஒரு பிடி கருப்பரிசி கலந்து ஊதாநிறச் சோறு சமைப்பதுண்டு. செட்டிநாட்டுக் கவுனி அரிசியை இரவே ஊறவைத்து ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் அதே நிறமும் நல்ல பசையும் கிடைக்கின்றன.

அரிசி கழுவும்போது முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது, மூன்றாவது தண்ணீரை எடுத்து வையுங்கள். நம் கிராமத்துக் குழம்புகளில் அரிசி களைந்த நீர் சேர்ப்பதைப் போலவே, அங்கும் குழம்புக்கு இதுதான் அடித்தண்ணீர். சாற்றுக்கு மெல்லிய திடம் கொடுத்து, விழுதின் கரகரப்பை அடக்குகிறது.

சாறு எடுக்கும் முறை எளிது. தலையும் வயிற்றுக் குடலும் கிள்ளிய பெரிய உலர்நெத்திலி பத்துப் பன்னிரண்டை வெறும் வாணலியில் ஒரு நிமிடம் புரட்டினால் கவிச்சை போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீரில் அந்த நெத்திலியையும், தாசிமா என்னும் உலர்ந்த கடற்பாசியில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றையும் போட்டுக் கொதிக்கவிட்டு, பாசியை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கும். நெத்திலி இன்னும் பத்து நிமிடம் கொதிக்கலாம். பிறகு வடிகட்டுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் நெத்திலிக் கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால், அதைப் பயன்படுத்தினால் ஒருமுறை கழுவிக்கொண்டு, பிறகு சேர்க்கும் விழுதின் அளவையும் குறைக்க வேண்டும். மரக்கறி உண்பவர்கள் நெத்திலிக்குப் பதிலாக உலர்ந்த ஷிட்டேக் காளான் நான்கும் ஒரு துண்டு முள்ளங்கியும் போடலாம். இது மாற்று ஏற்பாடு மட்டுமல்ல. புலால், மீன், பூண்டு, வெங்காயம் எதையும் சேர்க்காத கொரியப் பௌத்த மடாலயச் சமையலின் அடித்தளமே காளானும் கடற்பாசியும்தான். பெக்யாங்சா மடாலயத்தைச் சேர்ந்த துறவி ஜோங் குவான் அந்தச் சமையலை இன்று உலகறியச் செய்திருக்கிறார்.

கிம்ச்சி: அவசரப்படக் கூடாத வேலை

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொரியாவை அடைந்தது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டி என்பார்கள். நமக்கும் அது வந்தேறிதான். அதற்கு முன்பே கொரியர்கள் காய்களை உப்பில் புளிக்கவைத்து உண்டார்கள்; மிளகாய் சேராத வெள்ளைக் கிம்ச்சி இன்றும் உண்டு. குளிர்காலத்துக்கு முன் குடும்பமும் அண்டை வீட்டாரும் கூடி நூற்றுக்கணக்கான கிலோ முட்டைக்கோஸுக்குக் கிம்ச்சி போட்டுப் பகிர்ந்துகொள்ளும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் தென்கொரியாவின் பெயரிலும், 2015இல் வடகொரியாவின் கிம்ச்சி மரபையும் தன் பட்டியலில் ஏற்றது. வீட்டில் முதன்முறை செய்பவர்கள் முழு முட்டைக்கோஸை நான்காகப் பிளந்து இதழ் இதழாக விழுது தடவும் முறையை விட்டு, துண்டுகளாக நறுக்கிச் செய்யும் மக்-கிம்ச்சியில் தொடங்குவது நல்லது. சுவையில் குறைவில்லை, வேலை பாதி.

நீளமான, இலை மென்மையான நாப்பா முட்டைக்கோஸ் இரண்டு கிலோ தேவை. நீலகிரியில் விளைவது நகரக் கடைகளில் சைனீஸ் கேபேஜ் என்ற பெயரில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் சாதாரண முட்டைக்கோஸே போதும். கொரியாவிலும் அதில் கிம்ச்சி போடுகிறார்கள், மொறுமொறுப்பு கூடுதலாக இருக்கும். நான்கு சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கி, கழுவி, ஈரத்தோடு அகன்ற பாத்திரத்தில் போட்டு, 150 கிராம் கல் உப்பை அடுக்கடுக்காகத் தூவுங்கள். தண்டுப் பகுதிக்கு உப்பு கூடுதலாகவும் இலைக்குக் குறைவாகவும் விழ வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை அடியிலிருந்து புரட்டிவிட்டால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பதம் வந்துவிடும்.

பதம் பார்ப்பதைக் கடிகாரத்திடம் விடாதீர்கள். தடித்த வெள்ளைத் தண்டுத் துண்டு ஒன்றை எடுத்து இரு விரல்களால் மெல்ல வளையுங்கள். நறுக்கென்று முறிந்தால் இன்னும் நேரம் வேண்டும்; முறியாமல் ரப்பர்போல இரண்டு முனையும் தொட வளைந்தால் உப்பு உள்ளே போய்விட்டது. இந்தக் கட்டத்தில் பாத்திரத்தின் அடியில் கணிசமான தண்ணீர் விட்டிருக்கும். உப்பு செய்யும் வேலை இரண்டு: காயின் நீரை வெளியே இழுத்து விழுது நீர்த்துப்போகாமல் காப்பது, அழுகவைக்கும் நுண்ணுயிர்களை அடக்கி, உப்பைத் தாங்கும் லாக்டிக் அமில நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுப்பது. உப்பைக் குறைத்தால் உடல்நலத்துக்கு நல்லது என்று எண்ணி இந்தப் படியில் கைவைத்தால் கிம்ச்சி புளிப்பதற்குப் பதிலாக வழவழத்துக் கெட்டுப்போகும். பதம் வந்ததும் மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, வடிதட்டில் அரை மணி நேரம் வடியவிட்டு, ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். நேரடியாகச் சாப்பிடச் சற்றே உப்புக் கரிக்கும் அளவுதான் சரி. அதிகமாகக் கரித்தால் இன்னொரு முறை அலசலாம்.

அது வடிவதற்குள் விழுதைத் தயார்செய்ய வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவை ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி முழுவதும் ஆறவிடுங்கள். இந்தக் கஞ்சி மிளகாய்த்தூளைக் காயோடு ஒட்டவைக்கிறது, நுண்ணுயிர்களுக்கு உணவாகவும் ஆகிறது. பூண்டு 15 பல், ஒரு அங்குல இஞ்சி, பாதி வெங்காயம், பாதி ஆப்பிள் ஆகியவற்றை அரைத்துக் கஞ்சியில் சேர்த்து, ஒரு கோப்பை கோச்சுகாரு, கால் கோப்பை மீன் சாறு (ஃபிஷ் சாஸ்), ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் மிளகாய் உப்பி நிறம் அடர்ந்துவரும். பேடகித் தூள் என்றால் முக்கால் கோப்பையில் நிறுத்திக்கொள்ளுங்கள். மீன் சாறு வேண்டாதவர்கள் அதே அளவுக்குப் பாதிப் பங்கு கான்ஜாங்கும் பாதிப் பங்கு கடற்பாசிச் சாறும் ஊற்றலாம். கடையில் வாங்கும் கிம்ச்சியில் பெரும்பாலும் மீனோ உப்பிட்ட இறாலோ இருக்கும் என்பதை மரக்கறி உண்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மெல்லியதாகச் சீவிய முள்ளங்கி 200 கிராமும், விரல் நீளத்துக்கு நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு கட்டும் விழுதில் போட்டு, கடைசியாக முட்டைக்கோஸைச் சேர்த்துக் கையுறை அணிந்த கையால் பிசறுங்கள். அழுத்திப் பிசைய வேண்டாம். ஒவ்வொரு துண்டும் சிவந்தால் போதும். சிலருடைய சமையலுக்கே உரிய சுவையைக் கொரியர்கள் சொன்மாத் என்பார்கள், ‘கையின் சுவை’ என்று பொருள். நாம் கைமணம் என்று சொல்வதற்கு இத்தனை நெருக்கமான வேறொரு சொல்லை நான் அறிந்ததில்லை. கிம்ச்சியைக் கரண்டியால் கலக்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

கண்ணாடி ஜாடியிலோ பீங்கான் ஊறுகாய் ஜாடியிலோ முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, காற்றுக்குமிழ் இல்லாமல் அமுக்கி, பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் விழுதையும் கால் கோப்பைத் தண்ணீரில் அலசி ஊற்றி மூடுங்கள். நம் வெயிலுக்கு ஒரு நாள் வெளியில் வைத்தால் போதும்; சித்திரை வைகாசியில் பன்னிரண்டு மணி நேரமே தாராளம். கொரியச் செய்முறைகளில் இரண்டு நாள் என்று எழுதியிருப்பது அவர்களுடைய குளிருக்கு. சுத்தமான கரண்டியால் மேலே அழுத்தும்போது ஓரங்களில் சிறு குமிழிகள் கிளம்பி, புளிப்பு வாசனை வந்தால் உடனே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். முதல் வாரத்தில் நாளுக்கு ஒருமுறை மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றாவிட்டால் சாறு பொங்கி வழியும். ஜாடிக்கு அடியில் ஒரு தட்டு வைத்துவிடுங்கள். காய் எப்போதும் சாற்றுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். மேலே வெள்ளை ஆடை படர்ந்தால் அது பெரும்பாலும் ஈஸ்ட். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். பச்சை, கருப்பு நிறங்களில் பஞ்சு போன்ற பூஞ்சை வந்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

போட்ட அன்று கிம்ச்சி ஒரு பச்சைக் காய்க்கூட்டு. இரண்டு வாரத்தில் அதன் சிறந்த பருவம். ஒரு மாதத்துக்குப் பிறகு புளிப்பு ஏறி, நேராகச் சாப்பிடுவதைவிடச் சமைக்கவே பொருத்தமாகிறது.

குழம்புகள்

தென்ஜாங் ஜிகேதான் கொரிய வீடுகளின் அன்றாடக் குழம்பு. மூன்று பேருக்கு, இரண்டரைக் கோப்பை நெத்திலிச் சாற்றையோ அரிசி களைந்த நீரையோ மண்சட்டியில் கொதிக்கவைத்து, இரண்டு மேசைக்கரண்டி தென்ஜாங்கைச் சல்லடையில் வைத்துக் கரண்டியால் தேய்த்துக் கரையுங்கள். அவர்களும் துக்பேகி என்னும் சுட்டமண் கிண்ணத்தில்தான் இதைக் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். அரை அங்குலச் சதுரமாக நறுக்கிய உருளைக்கிழங்கு ஒன்று முதலில்; அது பாதி வெந்ததும் வெங்காயமும் சுக்கினியும், நசுக்கிய பூண்டு ஒரு தேக்கரண்டியும்; ஐந்து நிமிடம் கழித்து 200 கிராம் டோஃபு; இறக்கும்போது ஒரு பச்சை மிளகாயும் வெங்காயத்தாளும். சுக்கினி இல்லாவிட்டால் பிஞ்சுச் சுரைக்காய் நன்றாகப் பொருந்துகிறது. ஜப்பானிய மிசோவைக் கடைசியில் கரைத்துக் கொதிக்கவிடாமல் இறக்குவார்கள். தென்ஜாங் அப்படியல்ல, பத்துப் பதினைந்து நிமிடம் கொதித்தால்தான் அதன் முரட்டு மணம் அடங்கிச் சுவை திரளும். உப்பைக் கடைசிவரை சேர்க்காமல் இருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

கிம்ச்சி ஜிகேவுக்கு முதிர்ந்த கிம்ச்சிதான் வேண்டும். புதியதில் செய்தால் வெறும் காரத் தண்ணீராகவே நிற்கும். இரண்டு கோப்பைக் கிம்ச்சியை 200 கிராம் கொழுப்புள்ள பன்றி இறைச்சியோடு ஐந்து நிமிடம் வதக்கி, கால் கோப்பைக் கிம்ச்சிச் சாறும் இரண்டு கோப்பைத் தண்ணீரும் ஊற்றி, மூடி 25 நிமிடம் கொதிக்கவிட்டு, டோஃபு போட்டு இறக்குங்கள். பன்றி வேண்டாம் என்றால் டப்பாவில் வரும் சூரை மீனோ காளானோ போடலாம். புளிப்பு மிகுந்திருந்தால் அரைத் தேக்கரண்டி சர்க்கரை சமன்செய்துவிடும்.

நாமுல், பிபிம்பாப்

காய்களையும் கீரைகளையும் லேசாக வேகவைத்துப் பிசறும் தொடுகறிக்கு நாமுல் என்று பெயர். கட்டுப் பாலக்கீரையைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 40 விநாடி மட்டும் அமிழ்த்தி, குளிர்ந்த நீருக்கு மாற்றி, உருண்டையாகப் பிடித்துப் பிழிந்து, ஒரு தேக்கரண்டி கான்ஜாங், அரைத் தேக்கரண்டி நசுக்கிய பூண்டு, ஒரு தேக்கரண்டி எள் எண்ணெய், வறுத்த எள் சேர்த்து விரல் நுனிகளால் உதிர்த்துப் பிசற வேண்டும். பிழியும் அளவில்தான் எல்லாம் இருக்கிறது: நீர் மிச்சமிருந்தால் சுவை நீர்க்கும், ஒட்டப் பிழிந்தால் கீரை சக்கையாகும். முளைகட்டிய சோயாவை வேகவைப்பவர்களுக்குக் கொரியப் பாட்டிமார் சொல்லும் விதி ஒன்று உண்டு. மூடியை முதலிலிருந்து கடைசிவரை மூடியே வைக்க வேண்டும், அல்லது திறந்தே வைக்க வேண்டும், இடையில் திறந்தால் பச்சை வாடை தங்கிவிடும். நம் பச்சைப்பயற்று முளைக்கு இவ்வளவு கவலை தேவையில்லை. ஒரு நிமிடம் வெந்தால் போதும்.

இப்படி மூன்று நாமுல் இருந்தால் பிபிம்பாப் பாதி முடிந்தது. ‘பிசைந்த சோறு’ என்பதே அந்தப் பெயரின் பொருள். ஜியோன்ஜு நகரின் பிபிம்பாப் மிகவும் புகழ்பெற்றது. சூடான சோற்றின்மேல் கீரை, முளைப்பயறு, தனித்தனியாக வதக்கிய கேரட், காளான் ஆகியவற்றை நிறம் மாறி மாறி அமையுமாறு வட்டமாக வைத்து, நடுவில் ஒரு பக்கம் மட்டும் பொரித்த முட்டை. இரண்டு மேசைக்கரண்டி கோச்சுஜாங், ஒரு மேசைக்கரண்டி எள் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி தேன் ஆகியவற்றைக் குழைத்த சாந்தை மேலே விட்டு, நன்றாகப் பிசைந்தே சாப்பிட வேண்டும். காய்களை ஒரே வாணலியில் ஒன்றாகக் கொட்டி வதக்கி வேலையைக் குறைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், ஒவ்வொரு காயும் தன் சுவையோடு தனித்து நின்று, பிசையும்போதுதான் சேர வேண்டும். கல்சட்டி இல்லாதவர்கள் இரும்புச் சட்டியில் எண்ணெய் தடவி, சோற்றைப் பரப்பி, மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் விட்டால் அடியில் பொன்னிறக் காந்தல் பிடிக்கும்.

புதிய தலைமுறைப் பண்டங்கள்

தொக்பொக்கி அரண்மனையில் சோயா சாறும் இறைச்சியும் சேர்த்துச் செய்யப்பட்ட காரமில்லாத பண்டம். இன்று நாம் காணும் சிவப்பு வடிவம் கொரியப் போருக்குப் பிந்தையது. 1950களில் சோல் நகரின் சின்தாங்-தொங் பகுதியில் மா போக்-ரிம் என்ற பெண்மணி தெருவோரக் கடையில் கோச்சுஜாங் சேர்த்து விற்றதிலிருந்து பரவியதாகச் சொல்லப்படுகிறது. அரிசிமாவில் விரல் பருமனுக்கு உருட்டிய அரிசிக்கோல் 400 கிராமைத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். மூன்று கோப்பை நெத்திலிச் சாற்றில் கோச்சுஜாங் மூன்று மேசைக்கரண்டி, கோச்சுகாரு ஒன்று, சர்க்கரை ஒன்று, கான்ஜாங் ஒன்று கரைத்துக் கொதிக்கவிட்டு, அரிசிக்கோலைப் போட்டு அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் சாறு பளபளவென்று கோலில் பற்றும். வெங்காயத்தாளும் வேகவைத்த முட்டையும் சேர்த்து இறக்கலாம். அரிசிக்கோல் வாங்க முடியாதபோது, இரண்டு கோப்பைக் கொழுக்கட்டை மாவில் மூன்று மேசைக்கரண்டி மரவள்ளிக்கிழங்கு மாவு கலந்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து, ஆவியில் 20 நிமிடம் வேகவைத்து, சூட்டோடு உலக்கையாலோ மத்தாலோ ஐந்து நிமிடம் இடித்து, எண்ணெய் தொட்ட கையால் உருட்டிக்கொள்ளுங்கள். இடிக்காமல் உருட்டினால் அது கொழுக்கட்டையாகவே இருக்கும், இழுவை வராது. அண்மைக் காலத்தில் இளைஞர்களிடையே பரவிய ரோஸே தொக்பொக்கிக்கு, கோச்சுஜாங்கை இரண்டு மேசைக்கரண்டியாகக் குறைத்து, சாற்றில் ஒரு கோப்பைக்குப் பதில் பாதி பாலும் பாதி கிரீமும் கடைசி மூன்று நிமிடத்தில் ஊற்றினால் போதும்.

படைமுகாம் குழம்பு என்று பொருள்படும் பூதே ஜிகே, போருக்குப் பிந்தைய வறுமையில் பிறந்தது. உயிஜோங்பு போன்ற, அமெரிக்கப் படைமுகாம்களை ஒட்டிய ஊர்களில், முகாமிலிருந்து கிடைத்த டப்பா இறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சியோடு கொதிக்கவைத்து வயிறு நிரப்பிக்கொண்டார்கள். இன்று அதில் உடனடி நூடுல்ஸும் பாலாடைக்கட்டித் தாளும் சேர்கின்றன. கிம்ச்சி ஜிகே செய்யத் தெரிந்தவருக்கு இது தனியாகக் கற்க வேண்டியதில்லை. சாறு கொதிக்கும்போது நூடுல்ஸைக் கடைசியில் போட்டு, மேசையிலேயே பகிர்ந்து உண்ணுங்கள்.

கோழி வறுவலில் இரண்டு முறை பொரிப்பதே சூட்சுமம். உப்பும் மிளகும் இஞ்சியும் தடவிய துண்டுகளை உருளைக்கிழங்கு மாவிலோ சோள மாவிலோ புரட்டி, மிதமான சூட்டில், ஏறத்தாழ 160 டிகிரியில், எட்டுப் பத்து நிமிடம் பொரித்து எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். அந்த நேரத்தில் உள்ளிருக்கும் ஈரம் மேற்பரப்புக்கு வருகிறது. 185 டிகிரி சூட்டில் மீண்டும் மூன்று நிமிடம் பொரிக்கும்போது அது வெளியேறி, சாந்து தடவிய பிறகும் நொறுநொறுப்பு நிற்கிறது. கோச்சுஜாங் இரண்டு மேசைக்கரண்டி, தக்காளிக் கெச்சப் மூன்று, தேன் மூன்று, கான்ஜாங் ஒன்று, நசுக்கிய பூண்டு ஒன்று ஆகியவற்றை ஒரு கொதி விட்டுக் கோழியைப் புரட்டினால் யாங்னியோம் கோழி தயார்.

பரிமாறும்போது சோறு இடப்பக்கமும் சாறு வலப்பக்கமும் வைத்து, தொடுகறிகளை எல்லோருக்கும் எட்டும்படி நடுவில் வைப்பது வழக்கம். வீட்டில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர்கள் தொடங்குவார்கள். கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது. இறந்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படி நிறுத்துவார்கள். சோறு சமைத்த பாத்திரத்தைக் கழுவப் போட்டுவிடாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் காந்தலின்மேல் இரண்டு கோப்பை வெந்நீர் ஊற்றிச் சிறுதீயில் ஐந்து நிமிடம் வைத்துச் சுரண்டிவிட்டால், வறுத்த அரிசியின் மணத்தோடு வெளிர்பழுப்பு நிறத்தில் ஒரு நீர் கிடைக்கும். சுங்ன்யுங் என்பது அதன் பெயர். உப்போ வேறெதுவுமோ சேர்க்காமல், சாப்பாடு முடிந்ததும் வெதுவெதுப்பாக அருந்த வேண்டும்.